செய்தி நாளிதழுடையது, அந்த நான்கு வரிகள் உங்களுடையவை

பட்டர்வொர்த் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கும் 43 வயது வாசகர் ஒருவர் கையால் எழுதிய ஆறு பக்கக் கடிதத்தை அனுப்பியிருக்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு நேர மேற்பார்வையாளராக வேலை செய்பவர். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வேலையின் இடைவேளையில், கைப்பேசியில் ஒரு செய்தி அவர் கண்ணில் பட்டது. இணைய முதலீட்டு மோசடி ஒன்றில் செபராங் பிறையைச் சேர்ந்த 52 வயதுக் கடைக்காரர் கைதாகியிருக்கிறார் என்பதே அந்தச் செய்தி. கைதானவரின் பெயரை நாளிதழ் போடவில்லை. வாசகரின் தாயார் ஈராண்டுக்கு முன்பு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பிலிருந்து எடுத்த 18,000 ரிங்கிட்டை, தாமானில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் சொன்ன ஒரு திட்டத்தில் போட்டு இழந்திருக்கிறார். அந்தக் கடைக்காரருக்கும் ஏறக்குறைய அதே வயது. வாசகர் செய்தியின் இணைப்பைத் தம் முகநூலிலும், தாம் நிர்வாகியாக இருக்கும் 214 பேர் கொண்ட தாமான் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் பகிர்ந்தார். கடையின் படத்தைப் போட்டு, பெயர்ப் பலகையின் மேல் ஒரு மஞ்சள் முகக்குறியை ஒட்டி மறைத்து, கீழே இப்படி எழுதினார்:

“நம்ம தாமான் கடைக்காரர்தான் இவர் என்று கேள்விப்பட்டேன். ஏழைகளின் இபிஎஃப் பணத்தைத் தின்ற திருடன் கடைசியில் மாட்டினான். என் தாயார் பணம் பதினெட்டாயிரமும் இவரிடம்தான் போனது. சந்தேகமிருந்தால் இந்த எண்ணில் அவரையே கேளுங்கள்.”

மறுநாள் மாலையில் உண்மை தெரிந்தது. கைதானவர் புக்கிட் மெர்தாஜாமில் கைப்பேசிக் கடை நடத்தும் வேறொருவர். வாசகர் உடனே பதிவை அழித்தார். அதற்குள் பலர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். கடைக்காரர் வீட்டுத் தொலைபேசி இரவு முழுவதும் அடித்திருக்கிறது, எடுத்தவர் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள். இரண்டு வாரத்தில் வழக்கறிஞரின் கோரிக்கைக் கடிதம் வந்தது: பதிவைத் திரும்பப் பெற வேண்டும், முகநூலிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், 150,000 ரிங்கிட் இழப்பீடு தர வேண்டும், பதினான்கு நாள் அவகாசம். அதற்கு அடுத்த நாள், போலீஸ் விசாரணை அதிகாரி என்று சொல்லி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வாக்குமூலம் கொடுக்க வருமாறு கூறியிருக்கிறார்.

“நான் செய்தியைத்தானே பகிர்ந்தேன்? ‘கேள்விப்பட்டேன்’ என்றுதானே எழுதினேன்? ஒரே நாளில் அழித்தும் விட்டேன். அந்தச் சட்டம் செல்லாது என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாகப் படித்தேன். பணத்தை இழந்தது நாங்கள், பயந்துகொண்டிருப்பதும் நாங்களா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தோடு கோரிக்கைக் கடிதத்தின் நகலையும், உங்கள் பதிவின் வண்ண அச்சையும் இணைத்திருந்தீர்கள். அந்த அச்சை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். இரவு 11.47 என்ற நேரமும் உங்கள் பெயரும் தெளிவாகத் தெரிகின்றன. மஞ்சள் முகக்குறி பெயர்ப் பலகையை மறைக்கிறது, உண்மைதான். ஆனால் பக்கத்து முடிதிருத்தும் நிலையமும், வாசலில் அடுக்கிய எரிவாயுத் தோம்புகளும், கடைக்காரருடைய வேனின் எண்பலகையும் அப்படியே இருக்கின்றன. உங்கள் தாமானில் இருக்கும் ஒரு பிள்ளையைக் கேட்டாலும் இது யார் கடை என்று சொல்லிவிடும். அவதூறு வழக்கில் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படிப்பவர் ஆளை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தால் போதும். அதுவும் நான்காவது வரியில் அவருடைய தொலைபேசி எண்ணையே கொடுத்துவிட்ட பிறகு, அந்த முகக்குறி யாரை மறைத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: செய்தி நாளிதழில் வந்தது, ஆகவே பொறுப்பும் நாளிதழுடையது. அந்த நம்பிக்கை பாதிதான் சரி. அதிகாரிகள் பொதுமக்களுக்காக வெளியிடும் தகவலை நியாயமாகவும் சரியாகவும் சுருக்கித் தரும் நாளிதழுக்கு, 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஒரு வரையறுக்கப்பட்ட பாதுகாப்பைத் தருகிறது. அந்த நாளிதழ் பெயரைப் போடாமல் கவனமாக எழுதியும் இருக்கிறது. நீங்கள் அந்த இணைப்பை மட்டும் பகிர்ந்து நிறுத்தியிருந்தால் இன்று எனக்கு எழுத வேண்டிய தேவையே வந்திராது. உங்கள் மேல் வந்திருக்கும் கோரிக்கை முழுவதும், நாளிதழ் எழுதாமல் விட்டதை நீங்கள் எழுதி நிரப்பிய அந்த நான்கு வரிகளைப் பற்றியது. ஆகவே ஒவ்வொரு வரியாகவே பார்ப்போம். நான்கும் ஒரே மாதிரியானவை அல்ல, அதில்தான் உங்களுக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது.

முதல் வரி: “கேள்விப்பட்டேன்”

நம் ஊரில் இந்தச் சொல்லைப் பலர் குடைபோலப் பிடித்துக்கொள்கிறார்கள். ‘சொல்கிறார்கள்’, ‘உண்மையா தெரியவில்லை’, ‘வந்ததை அனுப்பினேன்’ என்பவையும் அதே வகை. சட்டத்தின் பார்வையில், ஒரு வதந்தியைத் திருப்பிச் சொல்பவர் அதைத் தாமே சொன்னவராகவே கருதப்படுவார். ‘அவர் திருடன் என்று ஊரில் ஒரு பேச்சு இருப்பது உண்மை’ என்று நிரூபித்துப் பயனில்லை, ‘அவர் திருடன்’ என்பதை நிரூபிக்க வேண்டும். புலனக் குழு தனிப்பட்டது என்பதும் உதவாது. சம்பந்தப்பட்டவரைத் தவிர மூன்றாம் நபர் ஒருவர் படித்திருந்தாலே அது வெளியீடு ஆகிவிடும். உங்கள் குழுவில் 214 பேர்.

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், “கைப்பேசி என் மகனிடமும் இருக்கும், யார் எழுதியது என்று அவர்கள்தானே நிரூபிக்க வேண்டும்?” என்று உங்கள் நண்பர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவு செய்து அந்த யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவு 2012 ஜூலை 31இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு வெளியீட்டில் யாருடைய பெயரோ படமோ புனைபெயரோ உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ காணப்படுகிறதோ, யாருடைய பெயரில் இணையச் சந்தா இருக்கிறதோ, யாருடைய கைவசம் அந்தக் கருவி இருந்ததோ, அவரே வெளியிட்டவர் என்று அனுமானிக்க அது வழிசெய்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவருடையது. அந்தப் பிரிவை எதிர்த்து அதே ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் பல மலேசிய இணையத்தளங்கள் தம் பக்கங்களைக் கறுப்பாக்கின. பிரிவு இன்றும் இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று: எழுதியது நீங்கள்தான். பதினாறு வயதுப் பையனை இதற்குள் இழுக்க உங்களுக்கே மனம் வராது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வரி: “திருடன் மாட்டினான்”

உங்களுக்கு ஆபத்தான வரி இதுதான். செய்தியைப் படித்து எழும் கோபத்தை எழுதுவதற்கு நம் சட்டத்தில் இடமே இல்லை என்பதல்ல. பொதுநலன் சார்ந்த விஷயத்தில், உண்மையான தகவல்களின் மேல், நேர்மையாகச் சொல்லும் கருத்து ‘நியாயமான கருத்து’ என்ற தற்காப்பைப் பெறும். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் தொடங்கியபோது, குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் வரை என்று அறிவித்தார்கள். ‘தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகிற எனக்கு இந்த 300 லிட்டர் போதாது, இதை வகுத்தவர்களுக்கு எங்கள் பாடு தெரியவில்லை’ என்று நீங்கள் எழுதினால் அது கருத்து. எவ்வளவு காரமாக எழுதினாலும் அது கருத்துதான். ‘அவன் திருடன், மாட்டிவிட்டான்’ என்பது அப்படியல்ல, நடந்ததாகச் சொல்லும் ஒரு தகவல். உங்கள் நிலையில் இருப்பவருக்கு அப்படிப்பட்ட தகவலுக்கு முக்கியமான தற்காப்பு, அது உண்மையாக இருப்பது. அவர் கைதாகவில்லை. ஆகவே அந்த வரியைக் காப்பாற்ற என்னாலும் முடியாது, என்னைவிடத் திறமையான வழக்கறிஞராலும் முடியாது.

“கைது வேறொருவராக இருக்கலாம், ஆனால் எங்களைப் பொறுத்தவரை இவரும் திருடன்தானே” என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே சற்று நிதானிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டில் பினாங்கில், ஆள் சேர்த்துப் பணம் திரட்டும் ‘மணி கேம்’ திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தபோது, பணத்தை இழந்தவர்கள் பலரை நேரில் பார்த்திருக்கிறேன். ஆள் சேர்த்தவர்களில் பலர் தங்கள் பணத்தையும், மைத்துனர் பணத்தையும், சில வேளை வீட்டையும் அதே திட்டத்தில் வைத்து இழந்தவர்கள். உங்கள் கடைக்காரர் அந்த வகையா, தெரிந்தே ஏமாற்றியவரா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவர் பணத்தைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்பது ஒரு கேள்வி. அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பது வேறு கேள்வி. ‘திருடன்’ என்ற சொல் இரண்டாவது கேள்விக்கு நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டதாக ஆகிவிடுகிறது.

மூன்றாம் வரி: தாயாரின் பதினெட்டாயிரம்

இந்த வரி உண்மை. உண்மையாக இருப்பதால் இதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, கேட்கவும் கூடாது. கோரிக்கைக் கடிதத்தோடு அவர்கள் அனுப்பியிருக்கும் மன்னிப்பு வாசகத்தைக் கவனமாகப் படித்தேன். அதன் மூன்றாம் பத்தியில், “என் பதிவில் கூறப்பட்ட எதுவும் உண்மையல்ல” என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. பயத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டீர்கள் என்றால், தாயாரிடமிருந்து பணம் வாங்கவே இல்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாக நாளைக்கு அதைக் காட்டுவார்கள். அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம்.

அவதூறுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பல குற்றச்சாட்டுகள் கலந்த ஒரு பதிவில் எல்லாவற்றையும் நிரூபிக்க முடியாமல் போனாலும், நிரூபிக்கப்பட்டவற்றோடு ஒப்பிட எஞ்சியது அவருடைய நற்பெயருக்குப் பெரிதாகக் கேடு செய்யவில்லை என்றால் தற்காப்பு விழாது என்கிறது. உங்கள் நண்பர் இதைப் பிடித்துக்கொண்டு “போராடிப் பார்” என்று சொல்லியிருப்பார் போலும். ஆனால் உங்கள் பதிவில் நிரூபிக்க முடியாமல் எஞ்சுவதுதான் பெரிய பகுதி. ‘பணம் வாங்கினார்’ என்பதற்கும் ‘போலீஸ் பிடித்த திருடன்’ என்பதற்கும் இடையே உள்ள தூரம் அதிகம்.

நான்காம் வரி: தொலைபேசி எண்

இந்த வரியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. எனக்கோ நான்கிலும் இதுவே அதிகம் உறுத்தியது. 2024 ஜூலையில் கோலாலம்பூரில், ஈஷா என்ற பெயரில் டிக்டாக்கில் அறியப்பட்ட ராஜேஸ்வரி, இணையத்தில் தொடர்ந்து வந்த மிரட்டலுக்கும் ஏச்சுக்கும் பிறகு உயிரை மாய்த்துக்கொண்டதை நம் சமூகத்தில் மறந்தவர் இருக்க முடியாது. அது தொடர்பாக ஒரு பெண்ணுக்குச் சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் விதிக்க முடிந்த அபராதம் 100 ரிங்கிட். நீங்களும் அன்று கொதித்திருப்பீர்கள். அந்தக் கொதிப்பின் விளைவாகத் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. ஒருவருக்குத் தொல்லையோ அச்சமோ மனவேதனையோ ஏற்படுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதும் இப்போது அவற்றில் ஒரு குற்றம். ‘அவரையே கேளுங்கள்’ என்று எண்ணைக் கொடுத்ததற்கு உங்களுக்கு அந்த நோக்கம் இருந்ததா என்பதை விசாரணை அதிகாரி கேட்கலாம். அன்றிரவு தொலைபேசியை எடுத்தது யார் என்பதைக் கோரிக்கைக் கடிதத்தின் ஏழாவது பத்தி சொல்கிறது.

“அந்தச் சட்டம் செல்லாது” என்று படித்தது பற்றி

நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல, ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. இணையத்தில் தகாதவற்றைப் பதிவிடுவதைக் குற்றமாக்கும், 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில், ‘புண்படுத்தும்’, ‘எரிச்சலூட்டும்’ என்று பொருள்படும் இரண்டு சொற்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது திருத்தத்துக்கு முந்தைய பழைய வாசகத்தைப் பற்றிய தீர்ப்பு. அதே ஆண்டு பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் திருத்திய பிரிவு, உச்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகவும், சிறைத்தண்டனையை ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டாகவும் உயர்த்தியிருக்கிறது. அந்த இரண்டு சொற்களின் கதி நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் எதுவானாலும், ‘பொய்யான’ என்ற சொல் பிரிவில் இருக்கிறது. உங்கள் சிக்கல் அந்தச் சொல்லோடுதான். தவிர, கடைக்காரரின் 150,000 ரிங்கிட் கோரிக்கை சிவில் விவகாரம். அதற்கும் 233ஆம் பிரிவுக்கும் தொடர்பில்லை. பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் கைவிட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் உண்மை, அதனாலும் பயனில்லை. அவதூறுச் சட்டம் அதற்கு அறுபது ஆண்டு மூத்தது. அரசியலமைப்பின் 10ஆம் விதி தரும் பேச்சுரிமையும், அவதூறைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு அந்த விதிக்குள்ளேயே இடம் விட்டுத்தான் தரப்பட்டிருக்கிறது.

குழு நிர்வாகி என்ற பொறுப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரி 19இல், வாசகர்கள் இட்ட ஐந்து கருத்துகளுக்காக மலேசியாகினி நிறுவனம் நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் புரிந்ததாகக் கூட்டரசு நீதிமன்றம் 6-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்மானித்து 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. மாறுபட்டு எழுதிய அந்த ஒரு நீதிபதி நளினி பத்மநாதன். அது அவமதிப்பு வழக்கு, பெரிய செய்தித்தளம் பற்றியது. தாமான் புலனக் குழுவுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் உங்கள் பதிவுக்குக் கீழே மற்றவர்கள் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியவை இன்னும் குழுவில் இருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள். அவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, இனி யாரும் அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று ஒரே ஒரு வரி போடுங்கள். விளக்கம் வேண்டாம்.

போலீஸ் அழைப்பு

முதலில், அழைத்தவர் உண்மையில் போலீஸ்தானா என்று உறுதி செய்யுங்கள். உங்களுக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் ‘உங்கள் மேல் புகார் இருக்கிறது’ என்று தொடங்கி வங்கி விவரத்தில் முடியும் மக்காவ் ஸ்கேம் அழைப்பும் இதே குரலில்தான் வரும். அவர் கொடுத்த கைப்பேசி எண்ணைக் கூப்பிடாமல், மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் பொது எண்ணைக் கூப்பிட்டு அதிகாரியின் பெயரையும் புகார் எண்ணையும் கேளுங்கள். எழுத்து மூலமான அழைப்பாணையையும் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

உண்மையான அழைப்பு என்றால் போக வேண்டும். அங்கே 112ஆம் பிரிவின்கீழ் வாக்குமூலம் எடுப்பார்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லவும், சொல்வதை உண்மையாகச் சொல்லவும் நீங்கள் கடமைப்பட்டவர். அதே வேளையில், உங்களைக் குற்றச்சாட்டுக்கு ஆளாக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையும் அதே பிரிவில் உண்டு. எழுதியதை நீங்கள் வாக்குமூலம் சொன்ன மொழியில் படித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகே கையெழுத்து. மலாயில் தடுமாறினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், பலர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருகிறார்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டால், எடுத்ததற்கான பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வழக்கறிஞரோடு போங்கள். செலவு முடியாது என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இருக்கிறது. கைது, தடுப்புக்காவல் என்று விஷயம் போனால் தேசிய சட்ட உதவி அறவாரியம் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

இனி எதையும் அழிக்க வேண்டாம். முதல் நாள் அழித்தது தவறை உணர்ந்து செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம், அது ஓரளவு சாதகமும்கூட. புகார் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அழிப்பது சாட்சியத்தை அழிப்பதாகிவிடும்.

மூன்று வழிகள்

கோரிக்கைக் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது முதல் வழி. 150,000 என்ற எண்ணைப் பார்த்து உங்கள் மனைவிக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் எதிர்த்தரப்பு கேட்பது, நீதிமன்றம் விதித்தது அல்ல. இழப்பீட்டை நீதிமன்றம் பதிவின் தன்மை, பரவல், உங்கள் நடத்தை ஆகியவற்றைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும், பெரும்பாலும் கேட்ட தொகைக்கும் கொடுக்கும் தொகைக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கும். ஆனால் மௌனமாக இருந்தால் அடுத்து வருவது வழக்குத் தொடுத்ததற்கான நீதிமன்ற அழைப்பாணை. அது கையில் கிடைத்ததிலிருந்து பதினான்கு நாளில் முன்னிலையாகாவிட்டால், உங்களைக் கேட்காமலேயே தீர்ப்புப் பெற முடியும். பதிவை அழித்துவிட்டதால் காலாவதியாகும் என்றும் எண்ண வேண்டாம். வழக்குத் தொடுக்க அவருக்கு ஆறு ஆண்டு இருக்கிறது.

எல்லாவற்றையும் எதிர்த்துப் போராடுவது இரண்டாம் வழி. இரண்டாம் வரி தோற்கும் என்று தெரிந்தே போராடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தோற்றால் அவருடைய வழக்குச் செலவில் ஒரு பகுதியும் உங்கள் தலையில் விழும்.

நான் சொல்வது மூன்றாவது. பொய்யான பகுதிக்கு உடனே, தெளிவாக, எங்கே எழுதினீர்களோ அங்கேயே திருத்தமும் மன்னிப்பும் வெளியிடுங்கள். கைதானவர் அவரல்ல, அவரைத் திருடன் என்று எழுதியது தவறு, அவருடைய எண்ணை வெளியிட்டது தவறு. இவ்வளவுதான். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்பது போன்ற சாக்குப்போக்கு வேண்டாம், அதைப் படிப்பவருக்கு இன்னும் கோபம்தான் வரும். வழக்கு தொடங்குவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டது இழப்பீட்டைக் குறைக்கும் காரணமாக அவதூறுச் சட்டத்திலேயே ஏற்கப்பட்டிருக்கிறது. வாசகத்தை உங்கள் வழக்கறிஞர் எழுதட்டும். தொகையைப் பற்றிய பேச்சு, நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாத வகையில், ‘உரிமைக்குப் பாதகமின்றி’ என்ற தலைப்பிட்ட தனிக் கடிதத்தில் நடக்கட்டும். இந்தக் கட்டத்தில் பேசி முடிந்த விவகாரங்கள் என் அனுபவத்தில் நிறைய. செபராங் பிறையில் இரண்டு குடும்பமும் ஒரே கோயில் தைப்பூசப் பந்தலில் நிற்க வேண்டியவர்கள் என்பது பேச்சுக்கு உதவும் என்றே நினைக்கிறேன்.

பேச்சில் ஒன்றை மட்டும் கலக்காதீர்கள். “நீ வழக்கை விடு, நான் பணம் பற்றிப் போலீசில் புகார் கொடுக்காமல் விடுகிறேன்” என்று புலனத்தில் அவருக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. போலீஸ் புகாரைப் பேரம் பேசும் பொருளாக்கினால், அதுவே உங்கள் மேல் புதிதாக ஒரு புகாருக்கு வழி. புகார் கொடுப்பதென்றால் கொடுங்கள், பணம் கேட்பதென்றால் கேளுங்கள், இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைக்காதீர்கள்.

தாயாரின் பணம்

உங்கள் கடிதத்தில் இது கடைசிப் பக்கத்தில் நாலு வரியாக வருகிறது. எனக்கு இதுதான் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது. தாயார் மூன்று தவணையாக 5,000, 5,000, 8,000 என்று பணத்தை அவருடைய கணக்குக்கே அனுப்பியிருக்கிறார். வங்கிச் சீட்டு இருக்கிறது. “அம்மா, மாதம் எட்டு விழுக்காடு கண்டிப்பா வரும், நான் இருக்கேன்ல” என்ற அவருடைய குரல் பதிவும் இருக்கிறது. மாதம் எட்டு! இபிஎஃப் 2024ஆம் ஆண்டு முழுவதற்கும் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. தாயாரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி ஒரு வாக்கைக் கொடுத்தவர், எதன்பேரில் கொடுத்தார் என்று நீதிமன்றத்தில் விளக்க வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உரிமம் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவது 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தில் குற்றம். அந்தத் திட்டத்தின் பெயர் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு நகலை எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும் சிவில் வழக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடுக்கலாம், 100,000 ரிங்கிட் வரை அங்கே விசாரிக்கப்படும். 5,000 ரிங்கிட்டுக்கு மேல் என்பதால் சிறு கோரிக்கை நடைமுறை பொருந்தாது, வழக்கறிஞர் தேவைப்படும். ஆறு ஆண்டு அவகாசத்தில் இரண்டு ஆண்டு போய்விட்டது. வழக்கு தாயாரின் பெயரில்தான் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் எதுவும் வேண்டாம். மகன் அவதூறுக்குப் பழிவாங்குகிறான் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் கம்பெனிக்கு நீங்களாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நியமனக் கடிதத்தில் சமூக ஊடகம் பற்றிய விதி இருந்தால் அதை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.

“இனிமேல் செய்தி படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா, அரசாங்கத்தைத் திட்டினால் மட்டும்தான் வழக்கு வராதா?” என்று முடித்திருக்கிறீர்கள். அரசாங்கமும் வழக்குத் தொடுக்கலாம் என்று 2018இல் சரவாக் மாநில அரசு சம்பந்தப்பட்ட வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆகவே அந்தக் கணக்கும் தவறு. எழுதுங்கள். பெட்ரோல் விலையைப் பற்றி, இபிஎஃப்பைப் பற்றி, உங்கள் தொழிற்சாலையில் ஆட்களின் இடத்தைப் பிடிக்கும் இயந்திரங்களைப் பற்றி எழுதுங்கள். நாளிதழ் ஒரு பெயரைப் போடாமல் விட்டிருந்தால் மட்டும், அந்த இடத்தை நீங்கள் நிரப்பாதீர்கள்.

கடிதத்தின் பின்குறிப்பில், இந்த வாரக் கடைசியில் தாயாரின் பழைய கைப்பேசியை ஜோர்ஜ்டவுனில் ஒரு கடையில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் குரல் பதிவு அதில்தான் இருக்கிறது. புதியதை வாங்கிக் கொடுங்கள், பழையதை விற்காதீர்கள். அணைத்து, மின்னூட்டக் கம்பியோடு ஓர் உறையில் போட்டு, வங்கிச் சீட்டுகளோடு வைத்திருந்து, வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோங்கள்.